நாமினேஷனை வாங்கிக்கொண்டு டொரண்டோ போய்விடலாமா?

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி மெசஞ்சரில் கேட்டிருந்தார்: "அண்ணா, சஸ்காட்செவன் நாமினேஷன் மட்டும் வாங்கிட்டு நேரா டொரண்டோ போயிரலாங்களா?" சஸ்காட்செவன் கனடாவின் ஒரு மாகாணம். "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று மாகாணம் பரிந்துரைப்பதுதான் நாமினேஷன். டொரண்டோ இருப்பதோ ஒன்டாரியோ என்ற வேறு மாகாணத்தில். மாதத்துக்கு நான்கைந்து பேராவது இதே கேள்வியை அனுப்புகிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை வலிக்கிறது, அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அந்த எண்ணத்தோடு வந்தவன்தான். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஒன்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். மதிப்பெண் போட்டுக் குடியேற ஆள் கூப்பிடும் கனடா மத்திய அரசின் முறைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று பெயர். 2017-இல் அதில் என் மதிப்பெண் 391. அந்த வருடம் பொதுச் சுற்றில் கூப்பிடும் மதிப்பெண் இறங்கியதே 413 வரைக்கும்தான். ஐ.ஈ.எல்.டி.எஸ். மூன்றாவது தடவை எழுதியும் ரைட்டிங்கில் அரை பேண்ட் ஏறவில்லை. மாகாணம் ஏதாவது ஒன்று நாமினேட் செய்தால் அப்படியே 600 மதிப்பெண் கூடும். 391 ஒரே நாளில் 991 ஆகிவிடும். அதற்கப்புறம் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் சஸ்காட்செவன் எந்த நாளில் விண்ணப்பம் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் சில மணி நேரத்தில் இடம் தீர்ந்துவிடும். கிட்டத்தட்ட தட்கல் டிக்கெட்தான். நானும் மனைவியும் இரண்டு லேப்டாப்பில் உட்கார்ந்து, இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்க, ராத்திரி முழுக்க ரெஃப்ரெஷ் அழுத்தியிருக்கிறோம். அடுத்த வருடம் அதை மாற்றி, விருப்பத்தைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தட்கலிலேயே கிடைத்துவிட்டது.

எங்கள் கன்சல்டன்ட் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சொன்னது இது: "மாகாணம் எதுவா இருந்தா என்ன சார், பி.ஆர். கைக்கு வந்ததும் எங்க வேணா போலாம்." பி.ஆர். என்றால் அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி. விண்ணப்பத்தோடு, அந்த மாகாணத்தில் எப்படிக் குடியேறப் போகிறோம் என்று ஒரு திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரிடம் அது ரெடிமேடாக இருந்தது. சஸ்காட்செவனின் பரந்த சமவெளி என் மனதைக் கவர்ந்ததாக அதில் நான் சொல்லியிருந்தேன். சமவெளியை நான் கூகுள் மேப்பில்கூடப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டேன்.

2019 ஜனவரியில் டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினோம். குடியேற்ற அதிகாரி என் லேண்டிங் காகிதத்தைப் பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சஸ்காட்செவனின் தலைநகரைச் சொன்னேன்: "ரெஜினா". "ரெஜைனா" என்று திருத்தினார். அப்புறம் எங்கள் மெல்லிய ஜாக்கெட்டுகளைப் பார்த்து, "இந்த ஜனவரியிலா?" என்று கேட்டுச் சிரித்தார். வெளியே டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து நண்பன் காரோடு வந்து நின்றான். பேஸ்மென்ட் அறை பேசி வைத்திருந்தான். அடுத்த விமானத்தை விட்டுவிட்டு அவனோடு போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்கும்போது மனைவி நின்றுவிட்டாள். "வர்றோம்னு எழுதிக் குடுத்திருக்கோம்ல? போய் ஆறு மாசம் பார்ப்போம். டிக்கெட் காசும் திரும்ப வராது." கொள்கை பாதி, டிக்கெட் காசு பாதி. நண்பனிடம் ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு விமானம் ஏறினோம். அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

முதல் ஐந்து மாதம் சிரமம்தான், மறைக்கவில்லை. ஒரு பெரிய கடையில் ராத்திரி ஷிஃப்ட், அலமாரியில் சரக்கு அடுக்கும் வேலை. காரை ராத்திரியில் செல்போன் மாதிரி பிளக்கில் சொருகி வைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் என்ஜின் கிளம்பாது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். பொறியாளர் பட்டம் பெட்டியில் இருந்தது. இங்கே மாகாணப் பொறியாளர் சங்கத்தில் பதிவு செய்யாமல் பெயருக்குப் பின்னால் என்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆறாவது மாதம், ரெஜைனாவுக்கு வெளியே விதைப்புக் கருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் தரம் பார்க்கும் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மானேஜர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்கேயே இருப்பாயா, இல்லை கிளம்பிவிடுவாயா?" என்னுடைய ஒன்பது வருட அனுபவத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த இரண்டு பேரும் ஒரு வருடத்துக்குள் ஒன்டாரியோ போய்விட்டார்களாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு வேர்த்தது. வெளியே மைனஸ் பத்துகூட இல்லை, ஜூன் மாதம்தான், ஆனாலும் அது வெயிலால் வந்த வேர்வை இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி போகலாமா? பி.ஆர். வந்தபின் கனடாவில் எந்த மாகாணத்திலும் போய் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். 1982-இல் வந்த உரிமைச் சாசனத்தின் ஆறாவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. கன்சல்டன்ட்கள் இந்த ஒரு வரியைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போது "இந்த மாகாணத்தில் வசிக்கும் எண்ணம் இருக்கிறது" என்று சொன்னது பொய் என்று தெரியவந்தால், அது வேறு சட்டத்தின் கீழ் வரும். தவறான தகவல் கொடுத்த குற்றத்துக்கு ஐந்து வருடத் தடை. பி.ஆரே பறிபோகலாம். மனம் மாறுவது வேறு, மனதில் முதலிலிருந்தே இல்லாததை எழுதிக் கொடுப்பது வேறு. நான் செய்தது இரண்டாவது. மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்தை விடுங்கள், என் வருத்தம் வேறு. இந்த மாகாண நாமினேஷன் திட்டம் ஏன் வந்தது? எல்லோரும் டொரண்டோ, வான்கூவர், மான்ட்ரியால் என்றே போய் இறங்கினார்கள். மானிட்டோபா மாதிரி இடங்களில் தையல் ஆலைக்கும் ஆள் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் ஆள் இல்லை. மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு, 1990-களின் கடைசியில், "எங்களுக்கு வேண்டியவரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்" என்று ஆரம்பித்ததுதான் இது. சஸ்காட்செவன் பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. ஜனத்தொகை சுமார் 12 லட்சம், நம்ம கோவை மாநகரத்தைவிடக் குறைவு. ஒரு நாமினேஷனை வீணடித்தால் அந்த ஊருக்கு அது தெரியும்.

வந்தவர்களைத் தக்க வைப்பதில் ஒன்டாரியோவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் மேலே நிற்கின்றன. சஸ்காட்செவனும் அட்லாண்டிக் மாகாணங்களும் கீழே. மானிட்டோபா ரொம்ப காலமாகவே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: அங்கே சொந்தக்காரர் இருந்தால் மதிப்பெண் கூட்டுவார்கள், வேறு மாகாணத்தில் படித்திருந்தாலோ வேலை பார்த்திருந்தாலோ கழிப்பார்கள். அதாவது ஓடிப் போகக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். ஸ்கார்பரோவில் அத்தை இருப்பது ஒரு காலத்தில் நமக்குப் பலம், இந்தக் கணக்கில் அது சந்தேகத்துக்குரிய விஷயம்!

இப்போது நிலைமை இன்னும் இறுகிவிட்டது. 2024-இல் நாடு முழுக்க இந்த வழியில் 1,10,000 பேர் என்று இலக்கு வைத்திருந்தார்கள். 2025-க்கு அது 55,000. சஸ்காட்செவனுக்கு 7,250-ஆக இருந்த ஒதுக்கீடு வருட ஆரம்பத்தில் 3,625-ஆக, சரிபாதியாக, வெட்டப்பட்டது. அதிலும் முக்கால்வாசி, ஏற்கெனவே கனடாவுக்குள் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கே தர வேண்டும் என்று நிபந்தனை. குடியேற்றத்தையே மொத்தமாகக் குறைக்கும் முடிவின் ஒரு பகுதி இது. டொரண்டோவுக்குப் போனவர்களால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "உள்ளே இருப்பவனையே எடு, அவன்தான் தங்குவான்" என்ற எண்ணம் இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் மானேஜரின் முதல் கேள்வியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். 2026-க்கு மறுபடி நாட்டளவில் 91,500 என்று ஏற்றியிருக்கிறார்கள். அதைக் காட்டி "கேட் ஓப்பன்" என்று போஸ்டர் அடிக்கும் ஏஜென்ட்களிடம், ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் எத்தனை இடம் என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஏமாற்றிவிட்டு ஓடுவதில்லை. எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஒரு கேரளத்து நர்ஸ் இருந்தார். லைசென்ஸ் வாங்க இரண்டு வருடம் அலைந்து, அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்து, கடைசியில் அல்பெர்ட்டா போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தேவைப்படும் தொழில் என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவரை வாசலில் நிற்க வைத்தால் அவர் எத்தனை நாள் நிற்பார்? தேவை இருக்கிறது என்றால் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதை நம் ஊரில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு முயன்று பார்த்துவிட்டுப் போகிறவரும், பியர்சனில் இறங்கி நழுவுகிறவரும் ஒன்றல்ல. நான் இரண்டாவது ஆளாக ஆக இருந்தேன், மனைவி காப்பாற்றினாள்.

இங்கே ஒரு சின்ன சௌகரியம் உண்டு. சஸ்காட்செவனில் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது. ஊரோடு எப்போதும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அம்மாவுக்குப் போன் போட கணக்குப் பார்க்கவே வேண்டாம். டொரண்டோ நண்பன் வருடா வருடம் மார்ச்சில் அவன் அப்பாவைத் தூக்கத்தில் எழுப்புகிறான்.

திருப்பூர்த் தம்பிக்கு இதில் பாதியைச் சுருக்கி அனுப்பினேன். உங்கள் தொழிலுக்கு அங்கே லைசென்ஸ் வேண்டுமா என்று பாருங்கள், அந்த ஊர் வேலை விளம்பரங்களை மூன்று மாதம் தொடர்ந்து படியுங்கள், கையில் காட்ட வேண்டிய பணத்துக்கு மேல் ஆறு மாதச் செலவு வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரி மாதத்து ரெஜைனாவை யூடியூபில் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி வந்தது:

"அண்ணா, அங்க கறிவேப்பிலை கெடைக்குங்களா?"

இத்தனை வருடத்தில் சஸ்காட்செவனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கிடைக்கும் தம்பி, விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி. குளிர்காலத்தில் கடையிலிருந்து காருக்குப் போவதற்குள் கருகிவிடும், ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.