“அரபி மாதிரியே இல்லையே!”

மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த தோழியின் படத்தை யாரிடம் காட்டினாலும் இதே பேச்சுதான். நல்ல கறுப்பு நிறம், சுருள் முடி. ஓமான்காரி என்றால் நம்ப மறுக்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அரபுப் பெண் என்றால் வெளுத்த தோல், மையிட்ட கண், கூரான மூக்கு, அவ்வளவுதானா?

ஓமான் சுல்தான்கள் ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரையும் சேர்த்து ஆண்டவர்கள். 1964இல் சான்சிபாரில் நடந்த புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து வெளியேறி ஓமானுக்கு வந்த குடும்பங்களில் இவளுடையதும் ஒன்று. இவள் பாட்டி இன்றும் வீட்டில் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலிதான் பேசுவார். அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் 22 நாடுகள். ஆப்பிரிக்காவில் இருக்கும் சூடானும் மொரிட்டானியாவும் அதில் உண்டு. சிரியாவில் பச்சைக் கண், செம்பட்டை முடியோடு இருப்பவர்களும் அரபிகள்தான். அவ்வளவு ஏன், இஸ்லாத்துக்கு முந்தைய பெருங்கவிஞர் அந்தரா, எத்தியோப்பியத் தாய்க்குப் பிறந்த கறுப்பர். அரபு உலகம் இன்றும் கொண்டாடும் வீரர், காதலர் அவர்.

அதைவிட வலிப்பது ஒன்று. கேட்கிறவர்களும் என்னைப் போலக் கறுப்புதான். அப்புறமும், “கறுப்பா இருந்தாலும் களையா இருக்காங்க” என்கிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ எதற்கு? அவள் அழகாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதாதா?