மதர்போர்டில் ரெய்டு உண்டு என்று எழுதிவிட்டால் போதுமா?

மதர்போர்டு பெட்டியில் "ரெய்டு 0, 1, 5, 10 உண்டு" (ரெய்டு என்றால் பல டிஸ்குகளை ஒரே தொகுப்பாக இணைப்பது, எண்கள் அதன் வகைகள்) என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதில் பெரும்பாலும் தனி ரெய்டு கார்டில் இருப்பது போன்ற வன்பொருள் எதுவும் கிடையாது, கணக்கெல்லாம் போடுவது டிரைவர் மென்பொருளும் நம் சிபியுவும்தான் என்பதை ஏன் ஓரமாகக்கூட எழுதுவதில்லை? சரி, அது போகட்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறையை ரெய்டுக்கு மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் பல நேரம் பூட் ஆகாமல் நீலத்திரையில் நின்றுவிடுகிறது. புதிதாக நிறுவப் போனாலும் டிஸ்கே கண்ணில் படாமல் போகலாம், டிரைவரைத் தேடிப் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். போர்டிலேயே இருக்கும் எம்.2 என்ற சிறு ஸ்லாட்டில் ஒரு எஸ்எஸ்டி செருகினால் சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது, அந்தத் தகவல் கையேட்டில் பொடி எழுத்தில் எங்கோ கிடக்கும், டிஸ்க் பழுதா கேபிள் பழுதா என்று கழற்றி மாட்டியே பொழுது போய்விடுகிறது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இதற்கு அப்புறம்தான். போர்டு செத்துப்போனால் வேறு வகை போர்டில் அந்த டிஸ்க் தொகுப்பு திறக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு ஒரே ஒரு போர்டை நம்பி நிற்கிறது! லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் தொகுப்பின் விவரம் டிஸ்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும், வேறு லினக்ஸ் கணினியில் மாட்டியும் எடுத்துவிடலாம். இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே போய்விடும்.