காருக்கு முகமூடி

(ஞாயிறு மதியம். சேகர் லேப்டாப்பில் கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கிறான். அண்ணி பீன்ஸ் நறுக்க வந்து உட்காருகிறார்.)

அண்ணி: யார் தம்பி இது, மாறுவேடப் போட்டிக்கு வந்த ஆள் மாதிரி?

சேகர்: பேட்மேன் அண்ணி! 1943இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எடுத்த தொடர்படம். திரையில் வந்த முதல் பேட்மேனே இவர்தான், லூயிஸ் வில்சன். மொத்தம் 15 பாகம். தியேட்டரில் வாரம் ஒன்றாகப் போடுவார்கள்.

அண்ணி: தலையில் இருப்பது காதா, கொம்பா?

சேகர்: காதுதான். கொஞ்சம் விரிந்துவிட்டது.

அண்ணி: ஜட்டி வேறு தொப்புளைத் தாண்டி ஏறி நிற்கிறது. சரி, நம் வீட்டுப் பயல் வைத்து விளையாடுகிறானே, அந்தக் கறுப்புக் கார் எங்கே?

சேகர்: பேட்மொபைலா? இதில் கிடையாது. சாதாரண காடிலாக்தான். முகமூடி இல்லாமல் கோடீஸ்வரர் புரூஸ் வேனாகப் போனாலும் அதே கார், பேட்மேனாகப் போனாலும் அதே கார். வேலைக்காரர் ஆல்ஃபிரட்தான் ஓட்டுவார்.

அண்ணி: அப்புறம் என்ன ரகசியம்? முகமூடியைக் காருக்கல்லவா மாட்டியிருக்க வேண்டும்! ஐயையோ, விமானம் தரையில் மோதிவிட்டதே! ஆள் அவ்வளவுதானா?

சேகர்: அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று முடித்துவிடுவார்கள். இதோ, அடுத்த பாகம் போடுகிறேன்.

அண்ணி: எழுந்து வருகிறாரே! பாராசூட்?

சேகர்: இல்லை.

அண்ணி: ஒரு பிளாஸ்திரிகூட இல்லையே தம்பி! எங்கள் சீரியலில் படியில் வழுக்கினாலே மூன்று மாதம் கோமாவில் படுக்கவைப்பார்கள். விபத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அது யார், மைக்கில் மிரட்டுகிற ஆள்?

சேகர்: வில்லன். ஜப்பான் உளவாளி டாக்டர் டாகா. ரேடியம் திருடுகிறார். ஆட்களைப் பிடித்து, தலையில் ஒரு மின்சாரக் கருவியை மாட்டி, ஜோம்பி ஆக்கிவிடுவார். அப்புறம் மைக்கில் என்ன சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்வார்கள்.

அண்ணி: அது எங்கே கிடைக்கும்? உன் அண்ணனுக்கு ஒன்று வேண்டும். ஆனால் இவரைப் பார்த்தால் ஜப்பான்காரர் மாதிரியே இல்லையே?

சேகர்: ஜே. கேரல் நெய்ஷ், அயர்லாந்து வம்சாவளி அமெரிக்கர். எல்லாம் மேக்கப். அதே 1943இல் 'சஹாரா' படத்தில் இத்தாலிக்காரராக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனார்.

அண்ணி: ஓர் ஆளுக்கு எத்தனை பாஸ்போர்ட்! (கத்தியை நிறுத்திவிட்டு) முதல் பாகத்தில் ஒரு தெருவே காலியாகக் கிடந்ததே, பின்னணிக் குரல் என்ன சொன்னது? நீ சத்தத்தைக் குறைத்துவிட்டாய்.

சேகர்: அது... அங்கிருந்த ஜப்பானியர்களை அரசு அள்ளிக்கொண்டு போனது புத்திசாலித்தனமாம். 'திருட்டுமுழிக்காரர்கள்' என்கிற மாதிரி ஒரு வசவு வேறு. நிஜத்தில் நடந்ததுதான் அண்ணி. 1942இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

அண்ணி: பிள்ளைகள் பார்க்கிற படத்திலா இதைச் சொன்னார்கள்?

சேகர்: போர்க்காலம் அண்ணி.

அண்ணி: போர்க்காலம் என்றால்? டாகா ரேடியம் திருடினால் டாகாவைப் பிடி. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் எதைத் திருடினார்?

சேகர்: 1988இல் அரசே மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர்.

அண்ணி: 46 வருஷம் கழித்தா? காதைப் பார்த்துச் சிரித்தேன், விமானத்துக்கும் சிரித்தேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை. இதை ஏன் உட்கார்ந்து பார்க்கிறாய்?

சேகர்: பேட்மேன் பதுங்குகிற ரகசியக் குகையே இதிலிருந்து வந்ததுதான். பெரிய கடிகாரத்துக்குள்ளே புகுந்து போகிற ரகசிய வழியும் அப்படியே. காமிக்ஸில் ஆல்ஃபிரட் முதலில் குண்டு. இதில் நடித்த வில்லியம் ஆஸ்டின் ஒல்லி. படம் வந்த பிறகு காமிக்ஸ் ஆல்ஃபிரடும் இளைத்துவிட்டார்.

அண்ணி: நான் வருஷக்கணக்காக வாக்கிங் போகிறேன் தம்பி. அவருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

சேகர்: 1965இல் 15 பாகத்தையும் ஒரே மூச்சில் மறுபடி தியேட்டரில் ஓட்டினார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல். கல்லூரிப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அண்ணி: அந்தக் குரலுக்குமா?

சேகர்: ...

அண்ணி: சரி விடு. டாகா கடைசியில் என்ன ஆனார்?

சேகர்: தன் மறைவிடத்தில் வளர்க்கிற முதலைக் குழியில் தானே விழுந்துவிடுகிறார்.

அண்ணி: விழுந்தால் என்ன? அடுத்த பாகத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவார்.

சேகர்: அதுதான் கடைசி பாகம் அண்ணி.

அண்ணி: அடப்பாவமே. பதினாலாவது பாகத்தில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பார்.