ஹைட்ரஜன் கார்: மின்சாரக் கணக்கைப் பார்த்த பிறகு

ஹைட்ரஜன் கார் என்றதும், புகைக்குப் பதிலாகத் தண்ணீர்தான் வெளிவரும் என்ற ஒரு வரியோடு பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். காருக்குள் இருக்கும் எரிகலம் (fuel cell) என்ற கருவியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரத்தையும் நீரையும் தருகின்றன. பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரோவ் 1839-லேயே செய்து காட்டியது இது. ஆனால் வண்டியின் பின்புறத்தை மட்டும் பார்த்துத் தூய்மையை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எரிவாயுவோடு நீராவியைச் சேர்த்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது ஏறக்குறைய 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சூரிய ஒளியிலோ காற்றிலோ கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும் என்பதை மறுக்கவில்லை. என்னை உறுத்துவது அதற்கு ஆகும் மின்சாரம். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்க 50 முதல் 55 யூனிட் தேவைப்படுகிறது. அதைக் குளிர்வித்து 700 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்கில், தொட்டிக்குள் அடைக்க மேலும் சில யூனிட்டுகள் செலவாகின்றன. இவ்வளவு செலவிட்ட பிறகு, டொயோட்டா மிராய் போன்ற ஒரு கார் அந்த ஒரு கிலோவில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடுகிறது. அதே தூரத்தை நடுத்தர அளவுள்ள பேட்டரி கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 20 யூனிட்டையொட்டிக் கடந்துவிடுகிறது. ஏறத்தாழ மூன்று கார்களுக்குப் போதுமான காற்றாலை மின்சாரத்தை ஒரே காருக்குக் கொடுக்கிறோம் என்பதுதான் இதன் பொருள்.

பேட்டரியிலும் குறைகள் உண்டு. பல பேட்டரிகளில் சேரும் கோபால்ட் உலோகத்தை எடுக்கும் சுரங்கங்களின் அவலம் உண்மையானது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எடையும் ஒரு தடைதான்: ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்க, ஒரு கிலோ பேட்டரித் தொகுப்பில் 0.2 யூனிட் அளவுக்கே அடங்குகிறது. ஆகவே நெடுந்தூரம் பாரம் சுமக்கும் லாரிகளுக்கு ஹைட்ரஜனைச் சோதித்துப் பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை.

கார்களின் நிலை வேறு. உரத்துக்கான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் இன்றியமையாதது. அங்கே பேட்டரியால் உதவ முடியாது. அம்மோனியா ஆலைகள் இன்னமும் எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுத்த ஹைட்ரஜனையே பெரும்பாலும் நம்பியிருக்கும்போது, தூய ஹைட்ரஜனைக் கார்களில் நிரப்புவதற்கென்று பொதுப்பணத்தில் நிலையங்கள் அமைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.