மெதுசாவுக்கு எதுக்குங்க ஹெல்த் பார்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து சோபாவில் சாய்ந்திருந்தேன். அக்கா மகன் டிவியில் அஸாஸின்ஸ் க்ரீட் ஒடிஸி ஆடிக்கொண்டிருந்தான். 2018-இல் வந்த கேம். இப்போதுதான் தள்ளுபடியில் வாங்கினானாம். பழைய கிரேக்கத்தின் போயோட்டியா பக்கம் ஒரு பாழடைந்த இடம். எதிரே சிங்க உடம்பும் பெண் முகமுமாக ஸ்ஃபிங்ஸ். விடுகதை போடுகிறது. பதில் தப்பினால் ஆள் காலி.

பயல் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு செல்போனை எடுத்தான். அரை நிமிஷத்தில் எல்லா விடுகதைக்கும் விடை கிடைத்துவிட்டது.

"டேய், கொஞ்சம் யோசிச்சுப் பாக்க மாட்டியா?"

"தப்பாச் சொன்னா செத்துருவேன் மாமா. மறுபடி லோட் ஆகணும். யாரு வெயிட் பண்றது?"

திட்ட வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அதுவரை எதிரில் வந்ததையெல்லாம் வெட்டித் தள்ளிக்கொண்டே போனவன், இதன் முன்னால் மட்டும்தான் ஆயுதத்தை மறந்துவிட்டு வெளியே உதவி தேடினான். அதாவது, நிஜமாகவே பயந்தான்.

கிரேக்கத் தொன்மக் கதைகளில் வரும் ராட்சச ஜந்துகள் என்றால் எனக்குப் பைத்தியம். அவற்றை வைத்து வரும் கேம்களையும் விடுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை தவறவிடுவது ஒரே விஷயத்தைத்தான். அந்த ஜந்து ஒவ்வொன்றும் உருவமாவதற்கு முன்பே ஒரு விதி. பாம்புக் கூந்தல்காரி மெதுசா என்றால் பார்க்காதே, பார்த்தால் கல்லாகிவிடுவாய். பாடி மயக்கும் சைரன் என்றால் கேட்டால் போச்சு. பல தலைப் பாம்பான ஹைட்ரா என்றால் தலை வெட்ட வெட்ட முளைக்கும். (நம்ம வேதாளமும் இதே ரகம்தான். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் அது மரத்துக்குப் போய்விடும்.) ஆட்டத்தின் சட்டத்துக்கும் தலையெழுத்துக்கும் 'விதி' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே, அது இங்கே கச்சிதமாக உட்காருகிறது. கேம் டிசைனில் பாதி வேலையை ஹோமர் காலத்திலேயே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? செதிலுக்குச் செதில் கிராபிக்ஸ் போட்டு, தலைக்கு மேல் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் ஒரு ஹெல்த் பாரைத் தொங்கவிட்டு, அடி அடி என்று அடிக்கச் சொல்கிறோம்.

அதே கேமில் மெதுசாவும் உண்டு. லெஸ்போஸ் தீவில் இருக்கிறாள். அந்த இடத்தேர்வுக்கு ஒரு சபாஷ். எரிமலைச் சாம்பல் மூடி மரங்கள் கல்லாகிப்போன காடு அந்தத் தீவில் நிஜமாகவே இருக்கிறது, ஏறக்குறைய 2 கோடி வருஷப் பழசு. ஆனால் சண்டை ஆரம்பித்ததும் அவள் பார்வை லேசர் விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள், நின்றதும் ஓடிவந்து வெட்டு, மறுபடி ஒளிந்துகொள். பார்த்தாலே கல் என்ற பயங்கரம் 'கொஞ்ச நேரம் பார்த்தால் கொஞ்சம் டேமேஜ்' என்று தவணை முறைக்கு வந்துவிட்டது.

பழைய கிரேக்கக் கவிஞன் ஹெசியோட் சொல்லும் மூன்று கோர்கன் சகோதரிகளில் சாவு உள்ளவள் மெதுசா ஒருத்திதான், அப்புறம் ஹெல்த் பார் இருந்தால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவளைக் கொன்ற வீரன் பெர்சியஸ் அவளோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டவில்லையே. தூங்கிக்கொண்டிருந்தவளை, வெண்கலக் கேடயத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே வீச்சு. அந்தக் கதையின் கஷ்டமெல்லாம் நேராகப் பார்க்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

அதை ஆட்டமாக்க இன்றைக்குக் கருவியும் இருக்கிறது. 2023-இல் வந்த, தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் பிளேஸ்டேஷன் விஆர்2 கண்ணாடிக்கு நம் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியும். கற்பனை செய்து பாருங்கள். குகைக்குள் பின்னோக்கி நடக்கிறீர்கள். கையில் கேடயம், அதில் இடவலம் மாறிய மங்கலான பிம்பம். முதுகுப் பக்கம் பாம்புகள் சீறுகின்றன. ஒரே ஒரு நொடி கண்ணைத் திருப்பினால் கதை முடிந்தது. அவள் முகத்தை வரையக்கூட வேண்டாம். எந்த கிராபிக்ஸ் ஆளாலும் நாம் பார்க்காத அந்த முகத்தைவிடப் பயங்கரமாக வரைய முடியாது.

சொல்லப்போனால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பது பழைய கிரேக்கனுக்கே சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. எலியூசிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. ஏழாம் நூற்றாண்டுத் தாழி ஒன்று இருக்கிறது. ஒரு சிறுவனை வைத்துப் புதைத்த தாழி. அதில் பெர்சியஸைத் துரத்தும் கோர்கன்களின் தலை வெண்கல அண்டா மாதிரி இருக்கிறது. அண்டாவின் விளிம்பிலிருந்து பாம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கோயிலில் காணிக்கையாக வைக்கும் அண்டாவை அந்த ஓவியன் பார்த்திருப்பான், அதையே முகமாக்கிவிட்டான் என்று நினைக்கிறேன். மனுஷன் துணிச்சல்காரன்.

ஹைட்ராவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, எல்லா கேமிலும் வந்து அடிவாங்கிவிட்டுப் போகிறது. ஒரு துணுக்கு மட்டும். வெட்டிய கழுத்தை அண்ணன் தம்பி மகன் முறையான யோலாவுஸ் தீயால் சுட்டுக் கொடுத்ததால்தான் வீரன் ஹெராக்ளிஸுக்கு ஹைட்ராவைக் கொல்லும் வேலை முடிந்தது. ஆள் துணையோடு செய்தாய், இது கணக்கில் சேராது என்று அந்த வேலையை ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ் கையை விரித்துவிட்டான். செல்போனில் விடை தேடும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

2020-இல் முழுமையாக வெளிவந்த சூப்பர்ஜயன்ட் நிறுவனத்தின் ஹேடீஸ் கேமை மட்டும் மனசாரப் பாராட்டுவேன். காளைத்தலை மனிதன் மினோட்டார் அதில் அஸ்டீரியஸ் என்ற தன் சொந்தப் பெயரோடு வருகிறான். தன்னைக் கொன்ற தீசியஸ் பக்கத்திலேயே நின்று, அவனுக்காக நம்மோடு மோதுகிறான். நாம் செத்துச் செத்துத் திரும்பி வருகிறோம். ஒவ்வொரு முறையும் அவன் நம்மை அடையாளம் கண்டு, நிதானமாக, ஒரு மரியாதையோடு பேசுகிறான். பத்தாவது சந்திப்பில் எனக்கு அவனை அடிக்கக் கை வரவில்லை. பாதாளக் காவல் நாய் செர்பெரஸைத் தடவிக்கொடுக்கவும் முடியும், மூன்று தலையில் ஒன்றையாவது! சாவு அங்கே லோடிங் திரையோடு முடிந்துபோகிற சமாசாரம் இல்லை. கதையே அதில்தான் நகர்கிறது.

யாராவது எடுத்துச் செய்யமாட்டார்களா என்று நான் ஏங்கும் காட்சி சைரன்களுடையது. பாட்டு காதில் விழுந்ததும் பாய்மரத்தில் கட்டுண்ட ஹோமரின் நாயகன் ஒடிசியஸ் புருவத்தால் ஜாடை காட்டுகிறான், அவிழ்த்து விடுங்கடா என்று. எழுந்து வந்த கப்பல் ஆட்கள் இரண்டு பேரும் இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள், அவனே முன்கூட்டிச் சொல்லி வைத்தபடி. இதை ஆட்டமாக்கினால் பட்டனை அழுத்த அழுத்தக் கயிறு இறுக வேண்டும். ஆடுகிறவனுக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அந்த பட்டன்தான். அதையும் அவன் தன் கையாலேயே முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அன்றைக்கு அக்கா மகனிடம் கொட்டினேன். கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே ஆடினான். ஒற்றைக்கண் ராட்சதன் பாலிஃபீமஸ் கதைக்கு வந்தபோதுதான் விளையாட்டை நிறுத்தினான். குகைக்குள் அடைபட்ட ஒடிசியஸ் குத்தியதில் கண் போன பாலிஃபீமஸ் குகை வாசலில் உட்கார்ந்து, வெளியே போகும் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தடவிப் பார்க்கிறான். ஒடிசியஸ் பெரிய கிடாவின் வயிற்றுக்கு அடியில் ரோமத்தைப் பற்றித் தொங்குகிறான். எப்போதும் முதலில் போவாயே, இன்றைக்கு ஏன் கடைசியில் வருகிறாய், உன் எஜமானின் கண் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கிடாவிடம் கேட்கிறான் பாலிஃபீமஸ். அவன் பேசி முடிக்கும்வரை ஆடுகிறவன் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், வேறு வேலையே கிடையாது, அப்படி ஒரு காட்சி வேண்டும்டா என்றேன்.

"அந்த ஆடு அப்புறம் என்னாச்சு மாமா?"

"கரைக்கு வந்ததும் ஒடிசியஸ் அதை வெட்டி ஜீயஸுக்குப் படைச்சான். ஜீயஸ் ஏத்துக்கலை."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை கேம்ல வைக்க மாட்டாங்க மாமா."