மெக்வீன் ஏன் பிட்டுக்குள்ள போனான்?

போன ஞாயித்துக்கிழமை மழை, வெளிய போக வழியில்ல, பையனுக்கு கார்ஸ் 3 போட்டு விட்டேன், காருங்களே மனுஷங்க மாதிரி பேசி ரேஸ் ஓட்டற கார்ட்டூன் படம், மெக்வீன்ங்கற செவப்புக் கார்தான் ஹீரோ. ஏழு வயசு அவனுக்கு. முதல் பாகத்த வசனத்தோட ஒப்பிப்பான். ரெண்டாம் பாகத்த நானே ஒளிச்சு வச்சிருக்கேன், நம்ம துருப்பிடிச்ச இழுவை வண்டி மேட்டர உளவாளி ஆக்கி ஜப்பான் இத்தாலி லண்டன்னு சுத்த விட்ட கொடுமைய எல்லாம் பிள்ளைங்களுக்கு காட்டக்கூடாது.

படம் முடியற நேரம், ஃப்ளோரிடா 500 ரேஸ் பாதி ஓடிட்டு இருக்கு, மெக்வீன் பிட்டுக்குள்ள வர்றான் (ரேஸ் நடுவுல டயர் மாத்த ஒதுங்கற எடம்), தன்னோட ட்ரெய்னர் க்ரூஸ்ங்கற மஞ்சக் கார கூப்பிட்டு தன்னோட 95 நம்பர அவ மேல போடச் சொல்றான், அவ ட்ராக்குக்கு போறா, இவன் டீமுக்கு உத்தரவு குடுக்கற க்ரூ சீஃப் நிக்கற இடத்துல போய் ஹெட்செட் மாட்டிக்கறான். பையன் ரிமோட்ட சோபால விட்டெறிஞ்சிட்டான். "அவன் ஏன்ப்பா உள்ள போனான்? அவன்தான ஹீரோ?" அப்புறம் சாப்பாடு வரைக்கும் யார்கிட்டயும் பேச்சே இல்ல.

சிரிப்பு வந்துச்சு, ஏன்னா 2017ல இத தியேட்டர்ல பாத்துட்டு நானும் இதே மாதிரிதான் கடுப்போட வெளிய வந்தேன். ரெண்டு மணிநேரம் பயிற்சி, மணல்ல ஓட்டு, வைக்கோல் நடுவுல ஓட்டு, ட்ராக்டர் கூட்டத்துக்குள்ள புகுந்து வான்னு ஏத்தி விட்டுட்டு, ஜெயிக்கற நேரத்துல எறங்கிக்கறதுன்னா என்னய்யா கதை இது. இப்ப திரும்பப் பாத்தப்ப தோணுச்சு, அந்தப் படத்துலயே தைரியமான இடம் அதுதான். வேற எந்த ஸ்போர்ட்ஸ் படமா இருந்தாலும் வயசான சாம்பியன் கடைசி ஒரு தடவ ஜெயிச்சிருப்பான், நாமளும் விசில் அடிச்சிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். இவங்க ஜாக்சன் ஸ்டார்ம்ங்கற புதுத் தலைமுறை கார் மெக்வீன விட வேகம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டு, எவ்ளோ உழைச்சாலும் அந்த வேகம் வராதுங்கறத கடைசி வரைக்கும் மாத்தல. உடம்பு உடம்புதான். மனசு வச்சா முடியும்ங்கற பொய்ய குழந்தைங்க படத்துல சொல்லாம விட்டதே பெரிய விஷயம்.

இதெல்லாம் சும்மா எழுதின கதையும் இல்ல. படத்துல கிங்னு ஒரு நீலக் கார் வருமே, 43 நம்பர், முதல் பாகத்துல அடிபட்டுக் கெடக்கும், மெக்வீன் ஜெயிக்கப் போற நேரத்துல நின்னு அத பின்னாடி இருந்து தள்ளிட்டுப் போவான், அதுக்கு குரல் குடுத்தவர் நிஜ ரிச்சர்ட் பெட்டி. அமெரிக்காவோட பெரிய கார் ரேஸ் தொடரான நாஸ்கார்ல 200 ரேஸ் ஜெயிச்ச மனுஷன், 7 தடவ சாம்பியன். அவரோட 200வது வெற்றி 1984 ஜூலை 4, டேட்டோனா ட்ராக்ல. அதுக்கப்புறம் எத்தன ஜெயிச்சாருன்னு நெனைக்கறீங்க? ஒண்ணு கூட இல்ல. ஆனா 1992 வரைக்கும் ஓட்டினாரு. எட்டு வருஷம். வாராவாரம் அதே 43, அதே நீலம், ஜெயிக்காமலே. கடைசி ரேஸ் 1992 நவம்பர்ல அட்லாண்டால, வயசு 55, நடுவுல இடிபட்டு கார் தீப்பிடிச்சுது, க்ரூ எப்படியோ ஒட்டுப் போட்டு கடைசி நேரத்துக்கு திரும்ப ட்ராக்ல எறக்குனாங்க, 35வது இடம். அதே ரேஸ்லதான் ஜெஃப் கோர்டன்னு ஒரு பையன் நாஸ்கார் கப்ல முதல்முதலா ஓட்டறான். பின்னாடி 4 தடவ சாம்பியன் ஆனவன். ஒரே நாள், ஒரே ட்ராக். சினிமால எழுதுனா செயற்கையா இருக்குன்னு நாமளே சொல்லிருப்போம்.

அந்த எட்டு வருஷத்தப் பத்தி யோசிச்சிட்டே இருக்கேன். தப்புன்னு சொல்ல வரல, அவருக்கு ஓட்டப் பிடிச்சிருக்கு, ஓட்டினாரு, நீ யாருடா கேக்கன்னு அவர் கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒதுங்கற நேரத்த நாமளே முடிவு பண்றதுங்கறது எவ்ளோ கஷ்டம்னு அந்த எட்டு வருஷம் சொல்லுது. படத்துல மெக்வீனோட குருவா வர்ற பழைய ரேஸ் கார் டாக் ஹட்சனுக்கு அந்த வாய்ப்பே கெடைக்கல, 1954ல விபத்து, சரியாகித் திரும்பி வந்தா உன் எடத்துக்கு புதுப் பையன் வந்துட்டான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கிங்குக்கு முடிவே விபத்தோட வந்துச்சு. மெக்வீனுக்கும் விபத்து வருது, ஸ்டார்ம பிடிக்கணும்னு வெறில ஓட்டி டயர் வெடிச்சு உருண்டு, மாசக்கணக்குல பெயிண்ட் கூட அடிக்காம வெறும் ப்ரைமரோட உக்காந்து டாக்கோட பழைய ரேஸ் வீடியோவையே பாத்துட்டு இருக்கான். அங்கயே முடிஞ்சிருந்தா அதே கதைதான். அவன் திரும்பி வந்து, ட்ராக்ல நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே தானா உள்ள போறான் பாருங்க, அதத்தான் என் பையன் ஏமாத்து வேலைங்கறான்.

டாக்குக்கு குரல் பால் நியூமன். 2008லயே எறந்துட்டாரு. ஆனா மூணாம் பாகத்துலயும் அவர் பேசறாரு, எப்படின்னா முதல் படத்துக்குப் பேசுனப்ப பதிவாகி பயன்படுத்தாம கெடந்த பேச்ச எடுத்து சேத்திருக்காங்க. அந்தாளு நடிகர் மட்டும் இல்ல, நிஜமாவே ரேஸர். 1979ல பிரான்ஸோட லெ மான் 24 மணிநேர ரேஸ்ல அவர் டீம் ரெண்டாவது, 70 வயசுல டேட்டோனா 24 மணிநேர ரேஸ்ல அவங்க பிரிவுல ஜெயிச்ச டீம்ல ஒருத்தர். (நம்ம அஜித் 53 வயசுல துபாய் போனப்ப இந்த வயசுல தேவையான்னு கேட்ட அங்கிள்களுக்கு இந்த வரி சமர்ப்பணம்.) அந்தக் குரல் வர்ற எடத்துல எல்லாம் நான் கொஞ்சம் காலி ஆயிடறேன். குறிப்பா டாக்கோட பழைய குரு ஸ்மோக்கி, டாக் எழுதின லெட்டர் எல்லாம் காட்டற சீன். ரேஸ் போனதும் டாக்கோட சந்தோஷமும் போச்சுன்னு மெக்வீன் நெனச்சிட்டு இருக்கான், அந்த லெட்டர் பூரா இவனப் பத்தி, இவனுக்கு சொல்லிக் குடுத்ததப் பத்தி.

சரி, பாராட்டு போதும். எனக்கு சண்டையும் இருக்கு.

முதல் சண்டை க்ரூஸ் விஷயத்துல. அவ ட்ரெய்னர், ஆனா சின்ன வயசுலேர்ந்து ரேஸர் ஆகணும்னு ஆச, முதல் ரேஸுக்குப் போனவ மத்த கார்கள பாத்துட்டு நாம இந்த எடத்துக்கு ஆள் இல்லன்னு ஓட்டாமலே திரும்பிட்டா. தண்டர் ஹாலோங்கற ட்ராக்ல தெரியாத்தனமா, காருங்க ஒண்ண ஒண்ணு இடிச்சு நொறுக்கற டெமாலிஷன் டெர்பில மாட்டி, அந்த ஸ்கூல் பஸ் மிஸ் ஃப்ரிட்டர் தொரத்தி, கடைசில க்ரூஸ் ஜெயிச்சிடறா. அதுக்கு மெக்வீன் வாழ்த்து சொல்லணும்ல, கத்தறான். நீ ரேஸரே இல்ல உனக்கென்ன தெரியும்ங்கற மாதிரி. அப்பதான் அவ தன் கதையச் சொல்றா. படத்துலயே சிறந்த சீன் அது, ஏன்னா முதல் தடவையா ஹீரோ அசிங்கமாத் தெரியறான். ஆனா அதுக்கப்புறம் அவ கதைய எடுத்துட்டு ஓடாம மறுபடி இவன் மனசுக்குள்ளயே போயிடறாங்க. கடைசில அவளுக்கு வாய்ப்பு வர்றதும் இவன் குடுத்துதான் வருது. இத்தனைக்கும் நடுவுல பழைய ரேஸருங்க வந்து, அழைப்பு வரும்னு காத்திருந்தா நாங்க ரேஸே ஓட்டிருக்க மாட்டோம்ங்கறாங்க. அதுல ரிவர் ஸ்காட்ங்கற கார் வெண்டெல் ஸ்காட்ட வச்சு எழுதினது. நாஸ்காரோட உயர்மட்ட ரேஸ் ஒண்ண முதல்ல ஜெயிச்ச கறுப்பினத்தவர், 1963 டிசம்பர், ஜாக்சன்வில். ஜெயிச்சவருன்னு மேடைல இன்னொருத்தர அறிவிச்சாங்க, சில மணிநேரம் கழிச்சுதான் கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, கோப்பை கைக்கு வரல. 1990ல அவர் எறந்துட்டாரு. அதிகாரப்பூர்வ கோப்பை குடும்பத்துக்கு வந்தது 2021ல. அப்படிப்பட்ட மனுஷன ஒரு ஓரமா நாலு வரி பேச விட்டுட்டு போயிட்டாங்க.

அடுத்தது ஸ்டெர்லிங். மெக்வீன் பேர மட் ஃப்ளாப்ல போட்டு விக்கணும், ரேஸெல்லாம் போதும்ங்கற முதலாளி, வில்லன். சரி. ஆனா இந்தப் படங்கள் பில்லியன் டாலர் கணக்குல சம்பாதிச்சதே பொம்ம, பை, டிபன் பாக்ஸ், பெட்ஷீட்ல தான். படம் பாத்துட்டு இருந்த பையன் போத்திருந்த போர்வைலயே மெக்வீன் சிரிக்கறான், நான் யார வில்லன்னு சொல்றது.

அந்த கடைசி ரேஸ் கணக்கு பித்தலாட்டம்னு அப்ப நெனச்சேன், மெக்வீனும் க்ரூஸும் சேந்து ஜெயிச்சதா போர்டுல வரும். அது பித்தலாட்டம் இல்ல. நாஸ்கார்ல ரேஸ ஆரம்பிச்ச டிரைவருக்குத்தான் வெற்றிக் கணக்கு, நடுவுல வேற ஆள் மாறி ஓட்டினாலும். நம்பரும் டிரைவருக்கு இல்ல, காருக்குத்தான். இங்க காரே டிரைவர்ங்கறதால 95 நம்பரத் தூக்கி அவ மேல போட வேண்டியதாப் போச்சு. இத பையனுக்கு வெளக்கினேன், முழுசா பத்து நிமிஷம், பேப்பர்ல படம் எல்லாம் போட்டு.

கேட்டுக்கிட்டான். தலையாட்டினான். மறுநாள் காலைல ஹால்ல கார் எல்லாம் வரிசையா நிக்குது, செவப்பு மெக்வீன், கருப்பா ஒண்ணு ஸ்டார்மாம், க்ரூஸுக்கு மஞ்சக் கார் இல்லாததால எங்கம்மாவோட மஞ்சத்தூள் டப்பா. ரேஸ் ஓடுது, பாதில செவப்புக் கார் சோபாவுக்கு அடில போச்சு, ஓ பிட்டு போலன்னு நெனச்சேன். மஞ்சத்தூள் டப்பா முன்னாடி வந்துச்சு. திடீர்னு சோபாவோட அந்தப் பக்கத்துலேர்ந்து செவப்பு கார் பறந்து வந்து ரெண்டையும் தாண்டி கோட்ட தொட்டுச்சு.

"உள்ள டயர் மாத்திட்டு வந்துட்டான்ப்பா"ன்னான்.

டப்பா மூடி தொறந்து தரையெல்லாம் மஞ்சத்தூள். நான்தான் தொடச்சேன்.