கென்டக்கி நிலமும் 66 அடிச் சங்கிலியும்

அமெரிக்க எல்லைப்புறக் குடியேற்றம் என்றாலே மரக்கோட்டை, துப்பாக்கி, முற்றுகை என்றுதான் பேச்சு போகிறது. நிலம் எப்படிக் கைமாறியது, அதில் யார் எதை இழந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பத்திரத்தையும் அளவுச் சங்கிலியையும் பார்க்க வேண்டும் என்பேன். கென்டக்கியையே எடுத்துக்கொள்வோம்.

கிழக்குக் கடற்கரைக் குடியேற்றங்களுக்கு எல்லையாக நின்ற அப்பலாச்சிய மலைக்கு மேற்கே, கென்டக்கி உட்பட எங்கேயும் குடியேறக் கூடாது என்று 1763இல் பிரிட்டிஷ் மன்னர் தடை போட்டார். ஐந்தே ஆண்டில், ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில், ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை இரொக்வாய் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு பிரிட்டிஷாருக்கு எழுதிக்கொடுத்தது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்களை யாரும் கேட்கவில்லை. 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹென்டர்சனின் கம்பெனி சுமார் 2 கோடி ஏக்கரைச் செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடியின் தலைவர்களிடம் சரக்குக் கொடுத்து வாங்கியது. அவர்களில் ஒருவரான டிராகிங் கனூ அதைக் கடுமையாக எதிர்த்தார். அடுத்து வந்த சண்டைகளுக்கெல்லாம் வேர் இந்த இரண்டு பத்திரங்களில் இருக்கிறது.

கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. ஹென்டர்சனின் கிரயத்தை அது செல்லாது என்றது. 1779இல் புதுச் சட்டம் வந்தது: 1778 ஜனவரி 1க்கு முன்பே குடியேறி ஓராண்டு இருந்தவருக்கோ, ஒரு போகம் சோளம் எடுத்தவருக்கோ 400 ஏக்கர், அதை ஒட்டி மேலும் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. மற்றவர்கள் பணம் கட்டி வாரண்ட் (இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும், பிறகு இடத்தைப் பதிய வேண்டும், அளக்க வேண்டும், கடைசியில் பட்டா.

கோளாறு இரண்டாம் படியில். அரசு முன்கூட்டி எதையும் அளந்து வைக்கவில்லை. வருகிறவரே இடம் பார்த்து, ஓடையையும் பட்டை செதுக்கிய மரத்தையும் அடையாளம் சொல்லிப் பதிந்துகொண்டார். ஒரே ஓடைக்கு ஆளுக்கொரு பெயர். மரம் பட்டுப்போனால் எல்லையும் போயிற்று.

அளப்பதற்கு 66 அடிச் சங்கிலி, 100 வளையம். (நம்மூரில் லிங்க்ஸ் என்பது இந்த வளையத்தைத்தான், ஒரு சதுரச் சங்கிலி சரியாக 10 சென்ட்.) இரண்டு பேர் சங்கிலியைப் பிடிப்பார்கள், ஒருவர் மரத்தைக் கொத்திக்கொண்டே போவார். சரிவில் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடிக்காமல் தரையோடு விட்டால் நீளம் கூடிவிடும். வரைபடத்தில் இருக்கும் ஏக்கர் தரையில் இருக்காது. காந்த வடக்கும் வருடத்துக்கு வருடம் நகரும். பழைய கோணத்தை அப்படியே வைத்துத் திரும்ப அளந்தால் கோடு பக்கத்து நிலத்துக்குள் போய் நிற்கும். இப்படித்தான் கூரை ஓடு அடுக்கியதுபோல ஒருவர் நிலத்தின்மேல் இன்னொருவர் நிலம் ஏறியது. கென்டக்கிக்கு வழிவெட்டிய டேனியல் பூன் தன் நிலங்களை வழக்குகளில் இழந்து 1799இல் மிசூரிக்குப் போனார். ஆபிரகாம் லிங்கனின் தந்தை 1816இல் கென்டக்கியை விட்டதற்கு நில உரிமைத் தகராறும் ஒரு காரணம்.

ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1785 சட்டப்படி முதலில் அளவை, பிறகு விற்பனை. 6 மைல் சதுரம், அதில் 640 ஏக்கராக 36 துண்டு, ஏக்கர் குறைந்தது 1 டாலர். குடியேறியவர்களுக்குள் எல்லைத் தகராறு குறைந்தது உண்மை. ஆனால் முழுத் துண்டுக்கு 640 டாலர் ஏழை உழவனால் முடியாது. கோடு போடப்பட்ட நிலமோ மயாமி, ஷானி, டெலவேர் மக்கள் விட்டுக்கொடுக்க மறுத்த நிலம். 1791 நவம்பர் 4இல் லிட்டில் டர்டில், புளூ ஜாக்கெட் தலைமையில் அவர்கள் செயின்ட் கிளேரின் அமெரிக்கப் படையை நொறுக்கினார்கள்; 600க்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தார்கள். 1794இல் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் அந்தப் பூர்வகுடிகள் தோற்றார்கள். மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் ஒஹாயோவின் பெரும்பகுதி போயிற்று. பதிலுக்கு 20,000 டாலர் சரக்கு, ஆண்டுக்கு 9,500 டாலர் மதிப்புள்ள பொருள், அதுவும் பல இனங்களுக்கிடையே பங்கிட்டு.